சூடானால் நிற்கும்

காலையில் எந்தக் குறையும் இல்லை அதற்கு.
சாவியைத் திருப்பிய கையோடு எழுந்துவிடும்.
வில்சன் கார்டன் பத்தாவது கிராஸ்,
ஆடுகோடி சிக்னல்,
மடிவாளா சந்தையில் ரோட்டுக்கு வழிந்த கொத்தமல்லிக் கட்டுகள்,
எல்லாவற்றையும் சமர்த்தாகத் தாண்டும்.
சில்க் போர்டில் வெப்ப முள்
பாதிக்கு வந்து நிற்கும்.
பிறகு எண்ணிக்கொள்ளலாம்:
ஏழு நிமிடம், மிஞ்சினால் எட்டு.
இருமல் கிடையாது, குலுக்கல் கிடையாது.
பேசிக்கொண்டிருக்கும்போதே
எழுந்து போய்விடுகிறவரைப்போல
போய்விடும்.

பின்னால் ஊரே ஹாரனாக நிற்கும்.
எனக்கு லைசென்ஸ் கொடுத்தவன் யாரென்று
கன்னடத்தில் கேட்டபடி ஒரு ஸ்கூட்டர் கடக்கும்.
இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால்
ஒன்றும் நடக்காததுபோல் உறுமும்.
அந்த உறுமல்தான் எனக்கு ஆகாது.

இன்னாசியின் பட்டறைக்கு நான்கு முறை கொண்டுபோனேன்.
நான்கு முறையும் அங்கே அது
நோய் என்றால் என்னவென்றே அறியாத சான்ட்ரோ.
"ஓடுதே மேடம்."
ஓடத்தான் செய்தது.
பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். பிளக்குகளை மாற்றினார்.
மூன்றாம் முறை காயிலையும் மாற்றிவிட்டு
கூலி வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
ஐந்தாம் முறை சொன்னார்:
"நோவு வர்ற நேரத்துல நான் பக்கத்துல இருக்கணும்."

வியாழன் மாலை ஆறு மணி.
மடியில் மல்டிமீட்டர், காலடியில் ஸ்பேனர் பை,
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார் இன்னாசி.
நாங்கள் இருவரும் சாவுக்குக் காத்திருக்கிறோம்.
ஏழு நிமிடம் போனது.
பதினைந்து போனது.
பொம்மனஹள்ளி போய்த் திரும்பினோம்.
ஏசி போட்டுப் பார்த்தோம், நிறுத்திப் பார்த்தோம்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வியர்த்தோம்.
"எனக்கு ஆஸ்பத்திரில மட்டும்தான் பிரஷர் ஏறும்" என்றார்.
"வீட்ல பார்த்தா நார்மல்.
உங்க வண்டி எனக்குத் தலைகீழ்."
சொல்லி முடிக்கவில்லை.
மெட்ரோ தூண் ஒன்றின் கீழ்
நின்றது.

"செத்துச்சு!" என்று கைதட்டினார்.
நானும் சிரித்துவிட்டேன்,
லாட்டரி விழுந்ததுபோல.
பின்னால் வந்த பஸ் டிரைவர் எங்களைப் பார்த்த பார்வை
இன்னும் முதுகில் இருக்கிறது.

"ஸ்டார்ட் பண்ணுங்க. ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க."
எஞ்சின் சுற்றுகிறது, கேட்கிறது.
முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது.
"அவ்ளோதான்" என்றார். "உள்ள சுத்துது.
சுத்துதுன்னு சொல்ல ஆள் இல்ல.
சொல்லாட்டி நெருப்பு வராது."
பானெட்டைத் தூக்கி, என் துப்பட்டாவைக் கேட்டு வாங்கி,
பாட்டில் தண்ணீரில் நனைத்து
எங்கோ அடியாழத்தில் கையை விட்டு
எதன்மீதோ வைத்துப் பிடித்துக்கொண்டார்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் பற்றுப் போடுவதுபோல.
நான்கு நிமிடம்.
முள் துள்ளியது.

மறுநாள் பட்டறைக்கு
என் ஹேர் டிரையரை எடுத்துவரச் சொன்னார்.
ஒரு கட்டைவிரல் அளவு கறுப்புப் பொருள், இரண்டு கம்பி.
குளிர்ந்திருக்கும்போது எண்ணூற்று எண்பது ஓம்.
சூடு காட்டினோம்.
தொள்ளாயிரத்து பத்து, தொள்ளாயிரத்து அறுபது,
ஆயிரத்து இருபது,
டிரையரில் என் தலை எண்ணெய் வாசனை,
ஆயிரத்து தொண்ணூறு,
பிறகு மீட்டரில் எண்ணே இல்லை.
உள்ளே எங்கோ மயிரிழைக் கம்பி
சூட்டில் விரிந்து கை விட்டுவிடுகிறது.
ஆறியதும் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

புது சென்சாருக்கு ஜே.சி. ரோட்டில் பேரம் பேசி
ஆயிரத்து நானூறு.
பன்னிரண்டு நாளாக எங்கும் நிற்கவில்லை.
ஆனாலும் சில்க் போர்டு தாண்டியதும்
என் இடது கால் தானாக கிளட்சைத் தேடுகிறது,
கண் ஓரத்து ஒதுக்கிடத்தை அளக்கிறது.

பழையதைத் தூக்கிப்போட மனமில்லை.
சமையலறை ஜன்னலில் கிடக்கிறது, மீட்டரும் ஒன்று வாங்கிவிட்டேன்.
இன்று காலை தொட்டுப் பார்த்தேன்.
எண்ணூற்று எண்பது.
குளிரில் கேட்டால்
இப்போதும் சரியாகத்தான் சொல்கிறது.